பழைய பி.எஃப். கணக்கு: பணம் இருக்கிறது, ஆண்டுகள் எங்கே?

திருப்பூரில் பதினைந்து வருடம் தையல் எந்திரத்தின் முன் உட்கார்ந்தவரிடம் எத்தனை கம்பெனி மாறினீர்கள் என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துச் சொல்லிவிடுவார். எத்தனை பி.எஃப். நம்பர் என்று கேட்டால் பதில் வராது. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஷிஃப்டு பார்த்தவர்கள், அம்பத்தூர் பட்டறைகளில் தொடங்கி இன்று ஐ.டி. நிறுவனத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் என்று பலருக்கும் இதே நிலைதான். சம்பளத்தில் பிடித்தார்கள் என்பது நினைவிருக்கும். எந்தக் கணக்கில் போட்டார்கள் என்பது தெரியாது.

இது சோம்பேறித்தனத்தால் வந்த வினை அல்ல, ஏற்பாடே அப்படி இருந்தது. 1952-இல் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் வந்ததிலிருந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் கணக்கு எண் தொழிலாளியின் பெயரில் தொடங்கவில்லை, நிறுவனத்தின் பெயரில் தொடங்கியது. பழைய சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். டி.என். என்று மாநிலம், எம்.ஏ.எஸ். என்று சென்னை அலுவலகம், பிறகு நிறுவனத்தின் குறியீட்டு எண், கடைசியில்தான் நம்முடைய எண். கம்பெனி மாறினால் எல்லாமே மாறும். பழைய எண்ணைப் புது எண்ணோடு சேர்க்க வேண்டும் என்றால் படிவம் 13-ஐ நிரப்பி, பல நேரம் பழைய முதலாளியிடம் கையெழுத்துக்கு நிற்க வேண்டியிருந்தது. சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தவர் அந்த வாசலை மறுபடி மிதிப்பாரா?

2014 அக்டோபரில்தான் 12 இலக்க யு.ஏ.என். அறிமுகமானது. ஒருவருக்கு வாழ்நாள் முழுக்க ஒரே எண், எத்தனை வேலை மாறினாலும் ஒவ்வொரு வேலையின் கணக்கும் அதன் அடியில் வந்து சேரும் என்பது திட்டம். ஆஸ்திரேலியாவில் 2021 நவம்பரிலிருந்து இதே யோசனையை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோய், ஊழியர் வேறு நிதியைத் தேர்வு செய்யாவிட்டால் பழைய ஓய்வூதியக் கணக்கிலேயே புது முதலாளியும் பணம் கட்ட வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். நம் யு.ஏ.என். அவ்வளவு தூரம் போகவில்லை. ஒரே எண்ணின் கீழ் நான்கு கணக்குகள் தனித்தனியாகக் கிடக்கலாம். பாஸ்புக்கும் நான்காகத்தான் திறக்கும். பழைய எண்ணைச் சொல்லாமல் புது வேலையில் சேர்ந்ததால் இரண்டு யு.ஏ.என். வைத்திருப்பவர்களும் உண்டு. 2014-க்கு முன்பே வேலையை விட்டவர்களின் கணக்குகள் பல எந்த யு.ஏ.என்-னிலும் ஒட்டாமல் தனியே நிற்கின்றன.

இப்படிக் கிடக்கும் பணம் எவ்வளவு என்று நாடாளுமன்றத்தில் அவ்வப்போது கேள்வி எழும். அரசு கொடுத்த கணக்குப்படி, செயல்படாத கணக்குகளில் 2018-19-இல் இருந்தது சுமார் ரூ. 1,638 கோடி, 2023-24-இல் அது சுமார் ரூ. 8,505 கோடி. கூடவே ஒரு விளக்கமும் வரும்: உரிமை கோரப்படாத பணம் என்று எங்களிடம் எதுவும் இல்லை, ஒவ்வொரு கணக்குக்கும் உரியவர் இருக்கிறார். சட்டப்படி சரியான பதில்தான். அந்த உரியவருக்குத் தனக்குக் கணக்கு இருப்பது தெரியுமா என்பது வேறு விஷயம்.

இந்தத் தொகையைப் பார்த்துவிட்டுப் பிரச்சினையின் அளவே இவ்வளவுதான் என்று நினைத்துவிடக் கூடாது. 'செயல்படாத கணக்கு' என்பதன் பொருள் இடையில் மாறியிருக்கிறது. ஒரு காலத்தில், 36 மாதம் பணம் வராத எந்தக் கணக்கும் செயல்படாத கணக்கு. 2011 ஏப்ரல் 1 முதல் அவற்றுக்கு வட்டியையும் நிறுத்திவிட்டார்கள். எதிர்ப்பு கிளம்பி, 2016-இல் விதியைத் திருத்தினார்கள். இப்போது 55 வயதுக்குப் பிறகு ஓய்வு பெற்றவர், நிரந்தரமாக வெளிநாட்டில் குடியேறியவர், இறந்துபோனவர் ஆகியோரின் கணக்கை 36 மாதம் யாரும் கேட்காமல் விட்டால்தான் அது செயல்படாத கணக்காகும். முப்பத்தைந்து வயதில் மூன்று கம்பெனி மாறியவரின் பழைய கணக்குகள் அந்த 8,505 கோடிக்குள் வரவே வராது. அவற்றில் வட்டி ஏறிக்கொண்டிருக்கும், உரியவர்தான் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்.

வட்டி ஏறுகிறது என்பது நல்ல செய்திதான். 2023-24-க்கும் 2024-25-க்கும் 8.25 சதவீதம். இந்த விகிதம் அப்படியே நீடித்தால் மறந்துபோன 40,000 ரூபாய் இருபது ஆண்டில் ஒரு லட்சத்து 95 ஆயிரத்தைத் தொடும். ஆகவே பணத்தைப் பொறுத்தவரை அவசரம் இல்லை, எங்கும் ஓடிவிடாது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் கவலை. பி.எஃப். என்றாலே பாஸ்புக்கில் தெரியும் தொகை என்று நினைக்கிறோம். அதே கணக்கு சுமந்திருக்கும் இன்னொன்று, நாம் வேலை பார்த்த ஆண்டுகள். அவற்றைச் சேர்க்காமல் விட்டால் வரும் நட்டத்துக்கு வட்டி ஈடு கட்டாது.

கணக்கு எப்படிப் பிரிகிறது என்று பார்ப்போம். நம் அடிப்படைச் சம்பளத்திலிருந்து 12 சதவீதம் முழுதாக வைப்பு நிதிக்குப் போகிறது. முதலாளி தரும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடும். இதற்குச் சம்பள உச்சவரம்பு 2014 செப்டம்பரிலிருந்து 15,000 ரூபாய் என்பதால், மாதம் அதிகபட்சம் 1,250 ரூபாய். மிச்சம்தான் வைப்பு நிதியில் சேரும். 1995-இல் வந்த இந்த ஓய்வூதியத் திட்டத்தில் நம் பெயருக்கு எவ்வளவு சேர்ந்தது என்பதை வைத்து மாதப் பென்ஷனைக் கணக்கிடுவதில்லை. கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி, 70-ஆல் வகுக்கிறார்கள், அவ்வளவுதான். பத்து ஆண்டு நிறைந்தால் 58 வயதில் பென்ஷன் உண்டு. ஆறு மாதமும் அதற்கு மேலும் முழு ஆண்டாகக் கணக்காகும் என்பதால் ஒன்பதரை ஆண்டு இருந்தாலும் போதும். அதற்குக் குறைந்தால் பென்ஷன் இல்லை. படிவம் 10-சி கொடுத்து ஒரு தொகையாக வாங்கிக்கொள்ளலாம்.

2015-இலிருந்து மூன்று கம்பெனிகளில் நான்கு, மூன்று, நான்கு என்று பதினோரு ஆண்டு வேலை பார்த்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். பென்ஷனுக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளம் 15,000. மூன்றையும் சேர்த்தால் பதினோரு ஆண்டு, ஆக மாதம் 2,357 ரூபாய் பென்ஷன். சேர்க்காமல் ஒவ்வொரு முறை வேலையை விட்டபோதும் பணத்தை எடுத்திருந்தால், ஏறக்குறைய ஓர் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில் மொத்தமாக ஒன்றரை லட்சம் சொச்சம் வந்திருக்கும். பென்ஷன் அந்தத் தொகையைச் சுமார் ஆறு ஆண்டில் எட்டிவிடும். அதற்குப் பிறகும் உயிருள்ளவரை வரும், அவருக்குப் பின் துணைக்கும் வரும்.

ஒன்றரை லட்சத்தை அன்றே வாங்கி எங்காவது போட்டிருந்தால் 58 வயதுக்குள் பல மடங்காகியிருக்குமே என்று கேட்பவர்கள் உண்டு. கணக்கு சரி. விலைவாசி ஏறும் வேகத்தில் இந்தப் பென்ஷன் ஏறுவதும் இல்லை. ஆனால் வேலை போன சில மாதத்தில் கைக்கு வந்த அறுபதாயிரத்தைத் தொடாமல் முப்பது வருடம் வைத்திருந்த குடும்பம் எனக்குத் தெரிந்து இல்லை. அது வாடகைப் பாக்கிக்கும் ஸ்கூல் ஃபீஸுக்கும் போயிருக்கும்.

ஆண்டுகள் அறுந்துபோவதால் வரும் இன்னொரு சிக்கலைப் பலர் கவனிப்பதில்லை. 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு முதல்முறையாகச் சேர்பவரின் அடிப்படைச் சம்பளம் 15,000-க்கு மேல் இருந்தால் அவர் ஓய்வூதியத் திட்டத்திலேயே வர மாட்டார். ஏற்கெனவே அதில் உறுப்பினராக இருந்தவர் தொடரலாம். 2010-இல் ஆறாயிரம் சம்பளத்தில் ஒரு பட்டறையில் சேர்ந்தவர், 2018-இல் நாற்பதாயிரம் சம்பளத்தில் வேறு வேலைக்குப் போகிறார். சேரும்போது தரும் படிவம் 11-இல், முன்பு உறுப்பினராக இருந்தீர்களா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டால், புது நிறுவனம் அவரைப் புதியவர் என்றே வைத்து ஓய்வூதியப் பங்கையே கட்டாது. பாஸ்புக்கில் அந்தப் பத்தி வெறுமையாக இருக்கும். பழைய கணக்கு தொலைந்த காரணத்தால் புதிய ஆண்டுகளும் சேராமல் போகின்றன.

தேடுவதற்கு வருவோம். 2014-க்குப் பிந்தைய வேலைகள் என்றால் பெரும்பாலும் சுலபம். யு.ஏ.என். மறந்திருந்தால் பி.எஃப்.-ஐ நடத்தும் அரசு அமைப்பான இ.பி.எஃப்.ஓ.வின் இணையதளத்திலோ அரசின் உமங் செயலியிலோ ஆதாரோடு இணைந்த கைப்பேசி எண்ணை வைத்து எடுக்கலாம். உள்ளே போனால் பணி வரலாறு என்ற பகுதியில் எந்தெந்த நிறுவனம், என்று சேர்ந்தோம், என்று விலகினோம் என்பது வரிசையாக நிற்கும். அதை நம் நினைவோடு ஒப்பிட்டு, எந்த வேலை விடுபட்டிருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

விடுபட்ட வேலை பழைய காலத்ததாக இருந்தால் காகிதத்துக்குப் போக வேண்டியிருக்கும். பழைய சம்பளச் சீட்டு, வேலை நியமனக் கடிதம், ஆண்டுக்கு ஒருமுறை வரும் கணக்குச் சீட்டு, எதுவானாலும் சரி, எண் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டால் இ.பி.எஃப்.ஓ. தளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுக் குறியீட்டு எண்ணைத் தேடலாம். இதில் நம் ஊர்த் தொழிலாளர்கள் பலர் முட்டிக்கொண்டு திரும்பும் இடம் ஒன்று உண்டு. பெரிய கார் கம்பெனியில் மூன்று வருடம் வேலை பார்த்தேன், அந்தப் பெயரில் தேடினால் நான் இல்லையே என்பார்கள். சீருடையில் இருந்தது கார் கம்பெனியின் பெயர், சம்பளம் போட்டது கான்ட்ராக்டர். பி.எஃப்.-ம் கான்ட்ராக்டரின் குறியீட்டில்தான் போயிருக்கும். சம்பளம் வந்த வங்கிக் கணக்கின் பழைய ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பார்த்தால், மாதாமாதம் பணம் போட்டவரின் பெயர் அதில் இருக்கும். அந்தப் பெயரில் தேட வேண்டும். கான்ட்ராக்டர் கட்டவே இல்லை என்று தெரிந்தால், கட்டவைக்கும் பொறுப்பு வேலை வாங்கிய முதன்மை நிறுவனத்துக்கும் உண்டு என்று திட்டத்தின் விதியே சொல்கிறது.

கணக்கைக் கண்டுபிடித்த பிறகு சேர்ப்பது எளிதா? 2025-இல் நிறையவே எளிதாகியிருக்கிறது. அந்த ஆண்டு ஜனவரியில், ஆதாரோடு இணைந்து, பெயரும் பிறந்த தேதியும் பாலினமும் ஒத்துப்போகும் கணக்குகளுக்கு இடையே மாற்றும்போது முதலாளியின் ஒப்புதல் பெரும்பாலான நேரங்களில் தேவையில்லை என்று ஆக்கினார்கள். ஏப்ரலில் இன்னொரு தடையும் நீங்கியது. பணம் புறப்படும் அலுவலகம் ஒப்புக்கொண்டால் போதும், போய்ச் சேரும் அலுவலகமும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்பது இல்லை. மே மாதத்தில் வந்த சுற்றறிக்கை, இரண்டு வேலைகளின் தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன என்ற ஒரே காரணத்துக்காக விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது என்றது. பழைய வேலையில் 31-ஆம் தேதி வரை, புது வேலையில் 28-ஆம் தேதியிலிருந்து என்று பதிவாகியிருந்த ஒரு மூன்று நாள் வித்தியாசத்துக்காக எத்தனை பேர் அலைந்திருப்பார்கள்!

விலகிய தேதியே பதிவாகாமல் இருப்பதும் அடிக்கடி நடக்கும். பழைய முதலாளிக்கு அதைப் போட்டால் லாபமும் இல்லை, போடாவிட்டால் நட்டமும் இல்லை. 2020-இலிருந்து இதை உறுப்பினரே போட்டுக்கொள்ளலாம். கடைசியாகப் பணம் வந்த மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழிந்திருக்க வேண்டும், நாம் போடும் தேதி அந்தக் கடைசி மாதத்துக்குள் இருக்க வேண்டும்.

இத்தனை சீர்திருத்தத்துக்குப் பிறகும் தமிழ்நாட்டில் கோப்புகள் நின்றுபோகும் இடம் பெரும்பாலும் இனிஷியல்தான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கம்பெனி பதிவேட்டில் எஸ். முருகன் என்று இருக்கும். ஆதாரில் முருகன் எஸ். பான் அட்டையில் இனிஷியலை விரித்து முருகன் செல்வராஜ் என்று இருக்கும். வங்கியில் வெறும் முருகன். ஊரில் யாருக்கும் இதில் குழப்பம் இல்லை, கணினிக்கு மட்டும் இவர்கள் நான்கு பேர். பெண்களுக்கு இது இரட்டிப்பு. கல்யாணத்துக்கு முன் பார்த்த வேலையில் அப்பாவின் இனிஷியல், பிறகு பார்த்த வேலையில் கணவரின் இனிஷியல், ஆதாரில் இரண்டில் ஒன்று. பிறந்த தேதி விஷயமும் நாம் அறிந்ததுதான்: பள்ளியில் சேர்க்க வாத்தியார் எழுதிய தேதி ஒன்று, சூப்பர்வைசர் வாய்மொழியாகக் கேட்டு எழுதியது இன்னொன்று.

2017 அக்டோபர் 1-க்குப் பிறகு வாங்கிய, ஆதார் சரிபார்த்த யு.ஏ.என். என்றால் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி ஆகியவற்றை ஆவணம் இல்லாமல் உறுப்பினரே திருத்திக்கொள்ளலாம் என்று 2025 ஜனவரியில் அனுமதித்தார்கள். அதற்கு முந்தையது என்றால் முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து தரும் கூட்டு உறுதிமொழி வேண்டும். முதலாளியே இல்லை, கம்பெனி மூடிவிட்டார்கள் என்றாலும் வழி அடைபடவில்லை. வங்கி மேலாளர், அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி போன்றவர்களின் சான்றொப்பத்தோடு கொடுக்கலாம். அலுவலகத்தில் பழைய பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். 2012-க்கு முன்பு நிறுவனங்கள் ஆண்டுதோறும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் படிவம் 3-ஏ என்று ஒரு தாளைக் கட்டுக்கட்டாக அந்த அலுவலகத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தன. அந்தத் தாளில் தகப்பனார் பெயர் சரியாக இருந்து பல வழக்குகள் முடிந்திருக்கின்றன.

எல்லாம் ஒத்துவந்து பணம் புதுக் கணக்குக்கு மாறிய பிறகு ஒரு பீதி கிளம்பும். பழைய பாஸ்புக்கில் மூன்று பத்தி: ஊழியர் பங்கு, முதலாளி பங்கு, ஓய்வூதியப் பங்கு. முதல் இரண்டும் புதுப் பாஸ்புக்கில் ஏறியிருக்கும். மூன்றாவதில் பூஜ்யம். நாற்பதாயிரத்தைக் காணோம், பி.எஃப். ஆபீஸில் சாப்பிட்டுவிட்டார்கள் என்று கிளம்பிவிடுவார்கள். யாரும் சாப்பிடவில்லை. ஓய்வூதியத் திட்டத்தில் தனித்தனிக் கணக்கே கிடையாது, எல்லாம் ஒரே பொது நிதி. அதனால் மாறுவது ஆண்டுகள்தான், தொகை இல்லை. அந்தப் பூஜ்யத்தைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது, பணி வரலாற்றில் பழைய வேலையின் காலம் சரியாக வந்திருக்கிறதா என்பதே. சொந்த டிரஸ்ட் வைத்து பி.எஃப். நடத்தும் பெரிய நிறுவனங்களிலிருந்து மாறி வருபவர்கள் இதை இரண்டு முறை பார்க்க வேண்டும். அங்கே வைப்பு நிதி டிரஸ்ட்டிடம், ஓய்வூதியம் இ.பி.எஃப்.ஓ.விடம் என்று இரண்டு வழி. டிரஸ்ட் அனுப்பும் இணைப்பு கே என்ற தாளில் பணிக்காலம் விடுபட்டால், பணம் வந்து சேரும், ஆண்டுகள் வராது.

வரியும் ஆண்டுகளைத்தான் பார்க்கிறது. ஐந்து ஆண்டு தொடர் பணி முடியுமுன் பணத்தை எடுத்தால் அது வருமானமாகக் கணக்காகி வரி வரும். மூன்று வேலைகளில் இரண்டிரண்டு ஆண்டு இருந்தவர், கணக்குகளைச் சேர்த்துவிட்டு எடுத்தால் ஆறு ஆண்டு. சேர்க்காமல் எடுத்தால் மூன்றுமே வரிக்குள் விழும்.

இதற்கெல்லாம் ஆள் பிடித்துக் கமிஷன் கொடுக்க வேண்டியதில்லை. திருப்பூரிலும் ஒசூரிலும் சுவருக்குச் சுவர் 'பழைய பி.எஃப். எடுத்துத் தரப்படும்' என்று ஒட்டியிருப்பார்கள். அவர்கள் செய்வதெல்லாம் மேலே சொன்னதைத்தான், அதையும் உங்கள் ஓ.டி.பி.-யை வாங்கி. அதோடு, அவர்கள் செய்வது பெரும்பாலும் எடுத்துத் தருவது, சேர்த்துத் தருவது இல்லை. எடுத்தால்தானே அவர்களுக்குக் கமிஷன். இ.பி.எஃப்.ஓ. எந்தச் சேவைக்கும் கட்டணம் வாங்குவதில்லை. 2023-இலிருந்து ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் குறைதீர் முகாம் நடத்துகிறார்கள். எண் தெரியாத பழைய கணக்குகளுக்கு, கையில் இருக்கும் காகிதங்களோடு அங்கே நேரில் போவது ஆன்லைன் புகாரைவிடப் பலன் தரும் என்பது என் எண்ணம்.

இறந்தவர்களின் குடும்பங்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். வேலையில் இருக்கும்போது இறந்தால், ஒரு மாதம் பணம் கட்டியிருந்தாலும் குடும்பப் பென்ஷன் உண்டு. வேலையை விட்ட பிறகு, 58 வயதுக்கு முன் இறந்தவர் என்றால் அவருக்குப் பென்ஷன் தகுதி வந்திருக்க வேண்டும், அதாவது பத்து ஆண்டு. கடைசி வேலையின் ஆறு ஆண்டை மட்டும் காட்டினால் தகுதி இல்லை என்று வரும். அதற்கு முன் பார்த்த ஐந்தாண்டு வேலை எங்கோ தனிக் கணக்கில் இருக்கலாம்.

பணத்தை எடுத்தாயிற்று, இனி என்ன என்று நினைப்பவர்களும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. வேலையை விட்டபோது படிவம் 19 மட்டும் கொடுத்து வைப்பு நிதியை வாங்கிக்கொண்டு, 10-சி என்ற ஒன்று இருப்பதே தெரியாமல் போனவர்கள் நிறையப் பேர். அவர்களுடைய ஓய்வூதியக் காலம் கரையவில்லை. அதே 10-சி படிவத்தில் பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் கேட்கலாம். எத்தனை ஆண்டு, எந்தச் சம்பளம் என்று அதில் எழுதித் தருவார்கள். அடுத்த வேலையில் அதைக் கொடுத்தால் ஆண்டுகள் கூடும். 10-சி-யில் பணமாகவே வாங்கிவிட்டவர்களுக்குத்தான் அந்த ஆண்டுகள் திரும்பாது.